அத்தியாயம் 4: பச்சோந்திக்கு முன் புத்தகம்

பச்சோந்தி வளர்க்க நினைப்பவரின் முதல் செலவு கூண்டாகவோ விளக்காகவோ இருக்கக் கூடாது. நல்ல புத்தகமாக இருக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் இந்த அவசரம் கிடையாது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் சோற்றைத் தொடாமல் மூலையில் சுருண்டு படுத்து அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து வீட்டில் கேட்டால் யோசனை கிடைக்கும், பேட்டைக்கு ஒரு கால்நடை மருத்துவர் இருப்பார். பச்சோந்தி நோயை மறைக்கும் பிராணி. கிளையில் பலவீனம் தெரிந்தால் பறவையோ பாம்போ கொத்திக்கொண்டு போய்விடும் என்பதால், முடிந்தவரை தெம்பாக இருப்பதுபோலவே நிற்கும். பகலில் கண்ணை மூடுகிறதே, முன்னங்கால் கொஞ்சம் வளைந்திருக்கிறதே என்று நம் கண்ணில் படும்போது கோளாறு பல வாரம் முற்றிப்போயிருக்கும். இதைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைப்பதும் எல்லா ஊரிலும் எளிதில்லை.

ஆகவே முன்கூட்டியே படித்துத் தயாராவதுதான் வழி. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பச்சோந்திப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று தினமும் தீனி போடச் சொல்லும், மற்றொன்று வாரத்தில் மூன்று நாள் போதும் என்னும். ஒன்று நாலு பக்கமும் கம்பிவலை வேண்டும் என்னும், மற்றொன்று பக்கச் சுவர்களை மூடச் சொல்லும். இவற்றில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தகமும் ஏதோ ஓர் இனத்தைப் பற்றி, ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் ஊரின் அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டது. அந்த மூன்றும் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் அளவுக்குத்தான் அதன் அறிவுரையும் பொருந்தும். எந்த ஆண்டு, எந்த இனம், எந்த ஊர் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் படிக்கப் பழக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. அதன் பிறகு எந்தெந்தப் புத்தகம் எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இல்லாத பக்கம்

இங்கே பேசப்படும் வளர்ப்புப் புத்தகங்கள் எல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அச்சானவை. இந்தியச் சட்டம் பற்றி அவற்றில் எதிர்பார்க்க முடியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் முள்காடுகளிலும் தோப்புகளிலும் இருக்கும் இந்தியப் பச்சோந்தி (கமேலியோ சைலானிகஸ்) 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 'குட்டியாகக் கிடைத்தது, காப்பாற்றி வளர்க்கிறோம்' என்பது வாதமாகாது. வேலியோரம் கண்டால் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி. வளர்ப்புக்கு வரும் பச்சோந்திகள் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. 2022-இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கான நடைமுறை விதிகள் 2024-இல் வந்தன. பரிவேஷ் இணையதளத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினாலும் குட்டி பிறந்தாலும் விலங்கு இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் 'காகிதம் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வசிக்கும் வாசகர்கள் இந்த அத்தியாயத்தைப் பொது அறிவுக்காக மட்டும் படிக்கலாம். அங்கே பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதி கிடையாது.

முதல் கேள்வி: எந்த ஆண்டு?

1990-களில் அச்சான கைநூல் ஒன்றைத் திறந்தால் குடற்புழுவுக்கும் நீரிழப்புக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருப்பதைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் உண்டு. அன்றைக்குச் சந்தைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டில் பிடிக்கப்பட்டவை. வாரக்கணக்கில் பெட்டியில் அடைபட்டு, தண்ணீர் காணாமல், வயிறு நிறையப் புழுவோடு வந்து சேர்ந்தன. அவற்றைப் பிழைக்க வைப்பதே அன்றைய வளர்ப்பாளரின் முதல் பாடு. 1995-இல் மடகாஸ்கரின் பச்சோந்திகளில் நான்கு இனங்களைத் தவிர மற்றவற்றின் வணிகம் சைட்டீஸ் வழியாக நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கூண்டில் பிறந்த குட்டிகள் சந்தையில் பெருகின. இன்றைக்கு முறையான வளர்ப்பாளரிடம் வாங்கும் குட்டிக்கு அந்தப் பழைய அத்தியாயங்கள் அவ்வளவாகத் தேவைப்படாது. அவற்றில் சொல்லியிருக்கும் மருந்துகளை நீங்களாகக் கொடுப்பதோ ஆபத்து.

ஆண்டைப் பார்க்க இரண்டாவது காரணம் விளக்கு. பச்சோந்தியின் எலும்புக்குக் கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். டி3 தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். இந்தச் சங்கிலி பழைய நூல்களிலும் இருக்கிறது. எவ்வளவு கதிர் என்ற கேள்விக்குத்தான் அவற்றில் அளவு இருக்காது. 'நல்ல புற ஊதா விளக்கு ஒன்றை மாட்டுங்கள்' என்பதோடு முடித்துவிடுவார்கள். 2010-இல் கேரி ஃபெர்குசனும் அவருடைய குழுவினரும் பல்லிகளும் பாம்புகளும் வெளியில் தாமாகத் தேடிப்போகும் புற ஊதா அளவை அளந்து நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். 'ஃபெர்குசன் மண்டலம்' என்ற பெயர் அப்படி வந்தது. மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி மூன்றாம் மண்டலத்தில் வருகிறது. இதிலிருந்துதான் 'வெயில் காயும் கிளையில் புற ஊதாக் குறியீடு சுமார் 3 இருக்கட்டும்' என்று மீட்டரில் பார்த்துச் சரிசெய்யக்கூடிய வழக்கம் வளர்ப்பாளர்களிடம் பரவியது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் இந்த எண் இருக்க வழியில்லை. சுருள் வடிவக் குண்டு விளக்கைப் பரிந்துரைக்கும் பக்கத்தை அப்படியே தாண்டிவிடுங்கள். இன்றைய வழக்கம் கூண்டின் நீளத்துக்குப் போடும் டி5 குழல் விளக்கு.

மூன்றாவது காரணம் பெயர். பழைய நூலின் பொருளடைவில் ஜாக்சன் பச்சோந்தியைத் தேடினால் 'ட்ரையோசெரஸ்' என்ற பேரினத்தில் கிடைக்காது. 'கமேலியோ' வரிசையில்தான் இருக்கும். 2009-இல்தான் ட்ரையோசெரஸ் தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. அதேபோல பேந்தர் பச்சோந்தியை இன்று ஃபர்சிஃபர் பார்டாலிஸ் என்கிறோம். 1986-க்கு முந்தைய நூல்களில் அதுவும் கமேலியோதான். பெயர் மாறியது தெரியாதவர், வேண்டிய பக்கம் புத்தகத்தில் இருந்தும் 'இதில் ஒன்றுமில்லை' என்று மூடிவைத்துவிடுவார்.

நிறம் மாறுவதைப் பற்றிய பத்தியையும் ஒரு நோட்டம் விடுங்கள். சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாற்றி ஒளிந்துகொள்ளும் என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் விலங்கை அதிகம் பார்த்தவர் இல்லை. குளிர், சூடு, கோபம், பயம், இணை தேடல், சினை என்று நிறத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நிறமிகள் விரிந்து சுருங்குவதுதான் முழுக் காரணம் என்று எழுதியிருந்தால் அது 2015-க்கு முந்தைய விளக்கம். தோலுக்குள் இருக்கும் குவானைன் நுண்படிகங்களுக்கு இடையிலான தூரம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியின் நிறம் மாறுகிறது என்பதை அந்த ஆண்டில் ஜெனீவா ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்தியிலேயே காட்டினார்கள். இதைத் தெரிந்துகொள்ளாததால் உங்கள் பச்சோந்திக்கு ஒன்றும் ஆகிவிடாது. புத்தகத்தின் வயதைக் கணிக்க இது ஓர் எளிய அடையாளம், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வி: எந்த இனம்?

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில் மட்டுமே வாழ்கின்றன. 'பச்சோந்தி வளர்ப்பு' என்று பொதுத் தலைப்புப் போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை தரும் புத்தகத்தைத் தொட வேண்டாம். வீட்டில் அதிகம் வளர்க்கப்படும் மூன்று இனங்களை எடுத்துப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

ஏமன் பச்சோந்தி (கமேலியோ கலிப்ட்ரேட்டஸ், கடைகளில் வெயில்ட் கமீலியன்) ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. தலையில் உயர்ந்த கொண்டை. பூச்சியோடு இலையையும் கடித்துத் தின்னும். ஆகவே கூண்டில் வைக்கும் செடி நஞ்சில்லாததாக இருக்க வேண்டும். பெண் பச்சோந்தி ஆணைக் கண்ணால் பார்க்காமலேயே முட்டையிடும். வயிறு முட்டத் தீனியும் அதிகச் சூடும் கொடுத்தால் ஒரே ஈட்டில் ஏராளமாக முட்டை வைத்து உடம்பு நொறுங்கிப்போகும்.

பேந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரத் தாழ்நிலத்தைச் சேர்ந்தது. அம்பிலோபே, நோசி பே, அம்பாஞ்சா, தமதாவே என்று ஊருக்கு ஊர் ஆணின் நிறம் மாறும். விற்பவர்களும் ஊர்ப் பெயரைச் சொல்லியே விற்பார்கள். இதன் முட்டை பொரிய அரை ஆண்டுக்கு மேல், சில வேளை ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா மலைகளைச் சேர்ந்தது. ஆணின் முகத்தில் மூன்று கொம்பு. முட்டையிடாது, குட்டி போடும். இரவு நன்றாகக் குளிர வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் நாளடைவில் நலிந்துவிடும். டி3, வைட்டமின் ஏ இரண்டும் மற்ற இரண்டு இனங்களுக்குக் கொடுக்கும் அளவைவிடக் குறைவாகவே போதும். ஏமன் பச்சோந்திக்கான அட்டவணைப்படி தூள் தூவினால் கழுத்தில் நீர் கோத்து வீங்கும்.

ஒரே அலமாரியில் நிற்கும் மூன்று பிராணிகள். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குக் கெடுதல். எனவே புத்தகத்தில் உங்கள் இனத்துக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான புத்தகமில்லை.

மூன்றாவது கேள்வி: எந்த ஊர்?

ஜெர்மனியில் எழுதும் ஆசிரியரின் அறை குளிர்காலத்திலும் 20 டிகிரி செல்சியஸ் சுற்றிலேயே இருக்கும். அவருக்குச் சூட்டைக் கூட்டுவதுதான் கவலை. 'காலை முதல் மாலை வரை சூட்டு விளக்கு எரியட்டும்' என்று அவர் எழுதுவது அந்த அறைக்குச் சரி. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் வாசகர் அதை அப்படியே பின்பற்றலாம். மே மாதச் சென்னை மாடி அறை 35 டிகிரியைத் தொடும். அங்கே அதே விளக்கைப் போட்டால் விலங்கு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த ஊரில் குளிரூட்டுவதுதான் வேலை, சூடேற்றுவதில்லை. நாலு பக்கமும் கம்பிவலை என்ற விதியும் இப்படித்தான். புழுக்கமான ஊரில் காற்றோட்டம் வேண்டும், வலை சரி. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறைக் காற்று வறண்டுபோகும் ஊரில் முழு வலைக் கூண்டில் ஈரம் நிற்காது. அங்கே பக்கச் சுவர்களை மூடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கப் புத்தகங்களில் வெப்பம் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். மாற்றும்போது ஒரு வழுக்கல் உண்டு. 'வெயில் காயும் இடம் 85 டிகிரி' என்றால் 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுக்க வேண்டும். 29 டிகிரி செல்சியஸ் சொச்சம் வரும். அடுத்த வரியிலேயே 'இரவில் 10 டிகிரி இறங்கட்டும்' என்று இருக்கும். அதைச் செல்சியஸ் என்று நினைத்துப் பத்து டிகிரி இறக்கினால், ஆசிரியர் சொன்னதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு குளிர வைத்ததாகும். அது வித்தியாசத்தைச் சொல்லும் எண். அதற்கு 32 கழிக்கும் கணக்கு பொருந்தாது. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் ஐந்தரை டிகிரிதான். புத்தகத்தில் வெப்பநிலை வரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் செல்சியஸைக் குறித்துவிடுங்கள். 'இவ்வளவு இருக்க வேண்டும்' என்பதையும் 'இவ்வளவு இறங்க வேண்டும்' என்பதையும் வேறு வேறு குறியால் காட்டுங்கள்.

கடையில் நின்றபடி ஒரு சோதனை

முழுப் புத்தகத்தையும் படித்துப் பார்த்து வாங்க யாராலும் முடியாது. பொருளடைவைத் திறந்து ஐந்து விஷயங்களை மட்டும் தேடுங்கள். கால் மணி நேரம் போதும்.

1. முட்டையிடும் தொட்டி. பெண் பச்சோந்தி தோண்டி முட்டையிட ஈரமணல் வேண்டும். சுரங்கம் இடிந்து விழாத ஈரமும் ஓர் அடி ஆழமும் இருந்தால் நல்லது. இடம் கிடைக்காத பெண் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துச் சாகும். இதைப் பற்றி ஒரு பக்கமாவது இல்லாத நூலை எழுதியவர், பெண் பச்சோந்தியை நீண்ட நாள் வைத்திருக்க மாட்டார்.

2. தண்ணீர். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பொதுவாகக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். சொட்டுக் குழாய், தெளிப்பு, இரவுப் பனிமூட்டம் இவற்றில் ஒன்றையாவது விளக்கியிருக்க வேண்டும். கிண்ணத்தோடு நிறுத்தினால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

3. தூள் அட்டவணை. இங்கே எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'ஒவ்வொரு வேளையும் கால்சியம்' என்பதும் 'ஒவ்வொரு வேளையும் டி3 கலந்த கால்சியம்' என்பதும் அடுத்தடுத்த டப்பாக்கள். முதலாவது எலும்பைக் காக்கும். இரண்டாவதை அதே கணக்கில் கொடுத்தால் டி3 உடலில் சேர்ந்து உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு படியும். ஏமன், பேந்தர் இனங்களுக்கு இன்று பரவலாக உள்ள வழக்கம் இது: டி3 இல்லாத கால்சியம் ஏறத்தாழ ஒவ்வொரு வேளையும், டி3 கலந்தது மாதம் இரு முறை, பல வைட்டமின் தூள் மாதம் இரு முறை. வைட்டமின் ஏ-யைப் பற்றிப் பேசும்போது பீட்டா கரோட்டினையும் ரெட்டினாலையும் பிரித்துச் சொல்லியிருந்தால் ஆசிரியர் விவரமானவர். ஏ குறைந்தால் முதலில் கண் வீங்கும், நாக்கு குறி தவறும்.

4. பூச்சிக்குத் தீனி. சுவர்க்கோழியும் கரப்பானும் வெறும் உறைதான். அவற்றின் வயிற்றில் இருப்பதுதான் பச்சோந்திக்கு உணவு. பூச்சிக்குக் கீரை, காரட், பழம் கொடுத்து ஒருநாள் கழித்துப் போடும் வழக்கத்தை நல்ல புத்தகம் தனித் தலைப்பிட்டு எழுதும்.

5. படங்கள். ஒரே கூண்டில் இரண்டு பச்சோந்திகளைக் கொஞ்சலாகக் காட்டியிருந்தால் வாங்காதீர்கள். பச்சோந்தி தனியாக வாழ்வது. இன்னொன்று கண்ணில் படுவதே அதற்கு ஓயாத பதற்றம். மூடிய கண்ணாடி ஜன்னலோரமாக 'வெயில் காயும்' படம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி-யை உள்ளே விடாது.

அலமாரிக்கு உரியவை

முதல் புத்தகமாக ஃபிரான்சுவா லெ பெர் எழுதிய 'தி கமீலியன் ஹேண்ட்புக்' பலருக்கு உதவியிருக்கிறது. 1995-இல் பாரன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது, 2009-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். கூண்டு, தீனி, இனப்பெருக்கம் என்று ஒரு சுற்று முழுவதையும் எளிய நடையில் படித்து முடிக்கலாம். விளக்கு பற்றிய பகுதியை மட்டும் மேலே சொன்ன எண்ணோடு திருத்திக்கொள்ளுங்கள்.

ஜாக்சன், பேந்தர், ஏமன், பார்சன் ஆகிய நான்கு இனங்களில் ஒன்று உங்களுடையது என்றால் கேரி ஃபெர்குசன், கென்னத் காலிஷ், ஷான் மெக்கியோன் மூவரும் சேர்ந்து எழுதிய கைநூல் நல்ல இரண்டாவது புத்தகம். தலைப்பே அந்த நான்கு பெயர்களையும் சொல்லிவிடும். இனத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்திருப்பதுதான் இதன் பலம்.

பேந்தர் மட்டுமே வளர்ப்பவர் 2004-இல் க்ரீகர் பதிப்பகம் கொண்டுவந்த 'தி பேந்தர் கமீலியன்' நூலைத் தேடிப் பிடிக்க வேண்டும். டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஃபெர்குசன், விலங்குக் காட்சிசாலைக் காப்பாளர் ஜேம்ஸ் மர்ஃபி, மடகாஸ்கரின் ஊர்வன அறிஞர்கள் ராமனமஞ்சாதோ, ரசெலிமனானா ஆகிய நால்வரும் எழுதியது. காட்டில் எந்த ஊரில் என்ன நிறம், என்ன பருவத்தில் முட்டை, கூண்டில் எப்படி என்று இரண்டு பக்கமும் ஒரே நூலில் வரும். இதில் வரும் ஃபெர்குசனும் மண்டலங்களுக்குப் பெயர் கொடுத்த ஃபெர்குசனும் ஒருவரே. உணவில் வைட்டமின் ஏ, டி அளவையும் புற ஊதா ஒளியையும் மாற்றி மாற்றி வைத்துப் பேந்தர் பச்சோந்திகளை வளர்த்து அவர் குழு செய்த ஆய்வு 1996-இல் வெளிவந்தது. 2009-இல் வந்த மற்றொன்றில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே போய்ப் புற ஊதா ஒளியில் கூடுதலாக நின்றதைக் காட்டினார்கள். ஒளியும் நிழலும் கூண்டில் இருக்கட்டும், எவ்வளவு வேண்டும் என்பதை விலங்கு முடிவு செய்யட்டும் என்ற இன்றைய அறிவுரை இங்கிருந்து வலுப்பெற்றது.

செக் நாட்டைச் சேர்ந்த பெட்ர் நெசாஸின் 'கமீலியன்ஸ்: நேச்சர்ஸ் ஹிடன் ஜுவல்ஸ்' 1999-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் எடிஷன் கிமைரா வெளியிட்டது. பல இனங்களைத் தொட்டுச் செல்லும் பெரிய நூல். நெசாஸும் வோல்ஃப்காங் ஷ்மிட்டும் 2004-இல் எழுதிய குட்டைவால் பச்சோந்திகள் பற்றிய நூல், இலைச்சருகில் வாழும் விரலளவு இனங்களுக்கானது. அவற்றுக்குக் கூண்டும் ஒளியும் முற்றிலும் வேறு. மரக்கிளையில் வாழும் இனத்துக்கு அந்த நூலைப் பின்பற்ற வேண்டாம்.

வளர்ப்பைச் சொல்லாத சில நூல்களும் அலமாரியில் இடம் பெற வேண்டும். கொலின் டில்பரியின் 'கமீலியன்ஸ் ஆஃப் ஆஃப்ரிகா' (2010) ஆப்பிரிக்காவோடு ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆசிய இனங்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஏமன், ஜாக்சன் இரண்டுக்கும் சொந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை இதில் பார்க்கலாம். மடகாஸ்கர் இனங்களுக்கு ஃபிராங்க் கிளா, மிகுவல் வென்செஸ் இருவரின் கள வழிகாட்டி, 2007-இன் மூன்றாம் பதிப்பு. கிரிஸ்டல் டாலியும் ஆன்தனி ஹெரலும் தொகுத்த 'தி பயாலஜி ஆஃப் கமீலியன்ஸ்' (2013) உடலமைப்பு, நாக்கு, கண், பரிணாமம் பற்றிய ஆய்வாளர்களின் கட்டுரைகள். கூண்டு எப்படிக் கட்டுவது என்று இவற்றில் ஒரு வரி இருக்காது. ஆனாலும், மலை உச்சியில் இரவு எவ்வளவு குளிரும், மழை எந்த மாதம் என்று தெரிந்தவர் கைநூலின் ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைத் தாமே கண்டுகொள்வார்.

இந்தியப் பச்சோந்தியைக் காட்டில் கவனிக்க விரும்புவோருக்கு ஜே.சி. டேனியலின் 'தி புக் ஆஃப் இந்தியன் ரெப்டைல்ஸ் அண்ட் ஆம்ஃபிபியன்ஸ்' (2002) கைக்கு அடக்கமானது. மால்கம் ஸ்மித் 1935-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியின் பல்லிகள் பகுதி நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். இவை பார்ப்பதற்கான நூல்கள், பிடித்து வளர்ப்பதற்கானவை இல்லை.

கடைசியாக மருத்துவ நூல். ஸ்டீபன் டைவர்ஸும் ஸ்காட் ஸ்டாலும் தொகுத்து 2019-இல் மூன்றாம் பதிப்பாக வந்த 'மேடர்ஸ் ரெப்டைல் அண்ட் ஆம்ஃபிபியன் மெடிசின் அண்ட் சர்ஜரி' மிகப் பெரிய, விலை அதிகமான நூல். நீங்கள் வாங்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் ஊர்வன அதிகம் பார்க்காதவர் என்றால், இப்படி ஒரு நூல் இருப்பதைச் சொல்லுங்கள். மருந்தளவை அதைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். அதைப் படித்துவிட்டு நீங்களே ஊசி போட முற்படாதீர்கள்.

இரண்டு புத்தகம் மோதிக்கொண்டால்

முரண்பாடு வரத்தான் செய்யும். அப்போது இந்த வரிசையில் பாருங்கள். முதலில், இரண்டும் ஒரே இனத்தைத்தான் பேசுகின்றனவா? பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து, எது புதிது? விளக்கு, வைட்டமின் இரண்டிலும் புதியதன் பக்கம் சாயுங்கள். முட்டை பொரிப்பது, குட்டி பிரிப்பது போன்றவற்றில் பழைய நூலின் அனுபவம் இன்றும் செல்லும். அதற்கடுத்து, எது காரணம் சொல்கிறது? 'வாரம் மூன்று நாள் தீனி' என்று மட்டும் சொல்வதைவிட, 'வளர்ந்த பெண்ணுக்கு வாரம் மூன்று நாள். அதிகம் தின்றால் முட்டை பெருகும்' என்று சொல்வதை நம்புங்கள். காரணம் தெரிந்த விதியை உங்கள் ஊருக்கு ஏற்ப வளைக்கலாம். காரணம் தெரியாத விதியை அப்படியே விழுங்கவோ தூக்கிப் போடவோதான் முடியும்.

அதன் பிறகும் தீராவிட்டால் குறைவான பக்கம் நில்லுங்கள். சூடு, தீனி, டி3 மூன்றிலும் கூடிப்போனதைத் திருத்துவதைவிடக் கொஞ்சம் குறைந்ததைக் கவனித்துச் சரிசெய்வது எளிது. தண்ணீருக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதில் தாராளமாக இருங்கள்.

நீங்கள் எழுத வேண்டிய நூல்

எந்த ஆசிரியரும் உங்கள் வீட்டுப் பச்சோந்தியைப் பார்த்ததில்லை. அந்த இடத்தை ஒரு நாற்பது பக்க நோட்டு நிரப்பும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். கையில் பிடித்துத் தராசில் வைத்தால் மிரண்டுபோகும். ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசில் ஒரு குறுங்கிளையை நிறுத்தி, அளவைப் பூஜ்யமாக்கி, கூண்டுக் கதவருகே வையுங்கள். அதுவாக ஏறியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையோடு, தின்ற பூச்சியின் எண்ணிக்கை, அன்று தூவிய தூள் எது, தோல் உரித்த நாள், எச்சத்தின் வெள்ளைப் பகுதி வெளுப்பா மஞ்சளா என்பவற்றை எழுதுங்கள். மஞ்சள் கூடினால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

விளக்கு மாட்டிய தேதியை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். குழல் விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், புற ஊதா பி மட்டும் மாதாமாதம் தேய்ந்துவரும். மீட்டர் இல்லாதவருக்குத் தேதிதான் மீட்டர். பெரும்பாலான விளக்குகளை ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். 'கொஞ்ச நாளாச் சாப்பிடல டாக்டர்' என்பதை வைத்து அவரால் அதிகம் செய்ய முடியாது. நான்கு வாரத்தில் இத்தனை கிராம் குறைந்திருக்கிறது, டி3 கடைசியாகக் கொடுத்தது இந்தத் தேதி, விளக்கு பத்து மாதம் பழையது என்றால் அவருக்கு நோயின் திசை தெரிந்துவிடும்.

வாங்கும் வரிசை

பணம் ஒரே நேரத்தில் கையில் இருக்காது என்பதால் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பொதுக் கைநூல் ஒன்று. அதைப் படித்து இனத்தைத் தீர்மானியுங்கள். சட்டப் பதிவுக்கு என்ன வேண்டும் என்று விசாரியுங்கள். இரண்டாவதாக அந்த இனத்துக்கான தனி நூல். பிறகு கூண்டும் விளக்கும் வெப்பமானியும். விலங்கு இல்லாமலேயே அவற்றை இரண்டு வாரம் ஓடவிட்டு, காலை, உச்சி, இரவு என்று மூன்று வேளை வெப்பத்தையும் ஈரத்தையும் நோட்டில் குறியுங்கள். அந்த எண்கள் புத்தகத்தின் எண்களோடு ஒத்துவந்த பிறகே பச்சோந்தியை வாங்குங்கள். இரண்டு வாரமும் ஒத்துவரவில்லை என்றால் கூண்டின் இடத்தை மாற்றுங்கள், அல்லது உங்கள் ஊர் வெப்பத்துக்கு ஏற்ற வேறு இனத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் முடியாது என்றால் பச்சோந்தி வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். வாங்கிய புத்தகத்தின் விலை அந்த முடிவிலேயே திரும்பி வந்துவிடும்.